கோழிக்குச் சீக்கு வந்தால் நமக்கென்ன?

"கோழிக்குத்தானே சீக்கு, நமக்கென்ன வந்தது?" என்று கேட்காதீர்கள். ஆரணிப் பக்கம் தறி வீட்டுக் கொல்லையில் நாலு நாட்டுக்கோழி மேய்கிறது. மளிகைக் கடையிலிருந்து முட்டை வருகிறது. ஞாயிற்றுக்கிழமை என்றால் பை கறிக்கடைக்குப் போகிறது. பண்ணை வாசலில் நடப்பது உங்கள் அடுப்படி வரைக்கும் வருகிற சமாசாரம்தான்.

நம் கோழிகளின் பழைய எமன் வெள்ளைக்கழிச்சல். டாக்டர்கள் சொல்வது ராணிக்கெட் நோய். 1926-ல் ஜாவாவிலும் இங்கிலாந்தின் நியூகாசிலிலும் கண்டறியப்பட்டது. ஓரிரு வருடத்தில் வடக்கே ராணிக்கெட் என்ற மலை ஊரில் தலைகாட்ட, அந்தப் பெயரே இங்கு நிலைத்துவிட்டது. காலையில் தெம்பாக மேய்ந்த கோழி சாயங்காலம் தூங்கி வழியும். பச்சையும் வெள்ளையுமாகக் கழியும். வாயைத் திறந்து மூச்சு வாங்கும். சிலதுக்குக் கழுத்து திருகிக்கொள்ளும். வந்துவிட்டால் இதற்கு மருந்தில்லை. பூண்டும் மிளகும் அரைத்து ஊட்டுகிறோமே, அது நம் மனசுக்குத்தான் மருந்து!

"காற்றிலே வந்துடுச்சு" என்பார்கள். பெரும்பாலும் வருவது காலிலே. எச்சம் ஒட்டிய செருப்பு, பண்ணைக்குப் பண்ணை சுற்றும் முட்டை அட்டை, தீவன லாரியின் டயர், ஆடியில் அம்மனுக்கென்று சந்தையில் வாங்கி வந்த சேவல்... இப்படித்தான். அதனால்தான் நல்ல பண்ணைகளில் வண்டிச் சக்கரத்துக்கு மருந்துத் தண்ணீர், ஆட்களுக்குக் கால் முக்கும் தொட்டி, ஷெட்டுக்குள் போட வேறு செருப்பு, காக்கை குருவி நுழையாதபடி வலை. வேலையாள் முதலில் குஞ்சுகளைப் பார்த்துவிட்டுக் கடைசியில்தான் பெரிய கோழிகளிடம் போவார். ஆனால் ஒன்று: அந்தத் தொட்டியில் நாலு நாள் சேறும் எச்சமும் மிதந்தால் மருந்து செத்துவிடும். செருப்பைத் தேய்த்துக் கழுவிய பிறகு முக்கினால்தான் பலன். பல இடங்களில் தொட்டி இருப்பது சாமிக்குக் காட்டும் கற்பூரம் மாதிரிதான்.

வீட்டில் நாலு கோழி வைத்திருக்கும் உங்களுக்குத் தொட்டி வேண்டாம். புதிதாக வாங்கிய கோழியை இரண்டு வாரம் தனியே கட்டிப் போடுங்கள். கோழிக்கூட்டைச் சுத்தம் செய்ய ஒரு செருப்பு, தறிக்கூடத்துக்கு வேறு செருப்பு. பிறகு சோப்புப் போட்டுக் கை கழுவல்.

தடுப்பூசி விஷயத்தில் நீங்கள் கொடுத்து வைத்தவர்கள். ராணிக்கெட்டுக்கு மருந்து பக்கத்து ராணிப்பேட்டையிலேயே, அரசு கால்நடை நோய்த் தடுப்பு மருந்து நிலையத்தில் தயாராகிறது. முதல் வாரத்தில் குஞ்சுக்குக் கண்ணிலோ மூக்கிலோ சொட்டு. எட்டாவது வாரம் இறக்கைத் தோலடியில் ஊசி. இது உயிருள்ள மருந்து. ஐஸ் போட்ட பிளாஸ்க்கில் எடுத்து வராமல் வெயிலில் பஸ் ஏறினால், போடுவது வெறும் தண்ணீர்தான். போடுகிறவர் கையைக் கண்ணில் தேய்த்தால் கண் சிவந்து நீர் வடியும். சில நாளில் தானே சரியாகிவிடும்.

பறவைக் காய்ச்சல் கதை வேறு. 2006 பிப்ரவரியில் மகாராஷ்டிராவின் நவாபூர்ப் பண்ணைகளில் முதலில் கண்டார்கள். 2014-லும் 2021-லும் ஆலப்புழை, கோட்டயம் வாத்துகளைத் தாக்கியது. நம் எல்லைச் சோதனைச் சாவடிகளில் வண்டிகளை நிறுத்திப் பார்த்தார்கள். மனிதருக்கு இது தொற்றுவது அபூர்வம். தொற்றினால் பொல்லாதது. 2021-ல் டெல்லி எய்ம்ஸில் ஒரு சிறுவன் இறந்தான். 2025-ல் ஆந்திராவில் ஒரு குழந்தை இறந்தது. சமையலுக்கு வெட்டும்போது பச்சைக் கோழித் துண்டைத் தின்றதாக வீட்டார் சொன்னார்கள்.

நன்றாக வெந்த கறியில் பயமில்லை. 70 டிகிரி சூடு உள்வரைக்கும் ஏறினால் வைரஸ் நிற்காது. குழம்பாகக் கொதித்தால் அதற்கும் மேலே. ஆபத்து அடுப்பில் இல்லை, அரிவாள்மனையில். கறி வெட்டிய பலகையிலேயே வெங்காயம் நறுக்காதீர்கள், குழந்தையைப் பக்கத்தில் உட்கார வைக்காதீர்கள். அரை வேக்காட்டு முட்டையை, ஊரில் நோய் என்று கேள்விப்பட்டால், கொஞ்ச நாள் மறந்துவிடுங்கள்.

ஒரே நாளில் நாலைந்து கோழி செத்தால் அவசர அவசரமாக மீதியை விற்றுவிடுவதும், செத்ததை ஏரிக்கரையில் வீசுவதும்தான் வழக்கம். அந்த வேலையே நோயை அடுத்த தெருவுக்கு அனுப்புகிறது. வெறுங்கையால் தொடாமல், கால்நடை மருந்தகத்துக்கு அன்றைக்கே சொல்லி அனுப்புங்கள். இன்னொரு கணக்கும் உண்டு: பறவைக் காய்ச்சல் என்று உறுதியானால், அரசு கொன்று புதைக்கும் கோழிக்குத்தான் இழப்பீடு. தானாகச் செத்ததற்குக் கிடையாது.