உட்புற வடிவமைப்பு: கல்லூரியில் கற்க வேண்டியது

உட்புற வடிவமைப்பு என்றதும் திரைச்சீலையும் சுவர் வண்ணமுமே பலருக்கு நினைவுக்கு வருகின்றன. மாணவர் முதலில் கற்க வேண்டியதோ அளவெடுத்தல். சக்கர நாற்காலியில் வருபவர் இடரின்றி நுழைய வாயிலின் இடைவெளி சுமார் 900 மில்லிமீட்டர் வேண்டும். மருத்துவமனைக் கட்டிலைத் தள்ளிச் செல்ல அதுவும் போதாது. மின்கம்பி, குழாய், காற்றோட்டம், தீப்பாதுகாப்பு ஆகியவற்றை வரைபடத்தில் காட்டவும், தச்சு வேலைக்கு மதிப்பீடு போடவும் தெரிந்திருத்தல் அவசியம்.

ஆமதாபாதில் 1961இல் தோன்றிய தேசிய வடிவமைப்பு நிறுவனம், செய்து கற்றலையே தன் கல்விமுறையின் அடிப்படையாகக் கொண்டது. பட்டறையில் மரத்தை அறுத்துப் பார்க்காதவர், தச்சரிடம் என்ன கேட்பதென்று அறியார்.

இதில் மாணவர் கவனிக்க வேண்டிய சட்ட நிலை ஒன்றுண்டு. 1972ஆம் ஆண்டுக் கட்டடக் கலைஞர்கள் சட்டத்தின்படி, பதிவு பெறாத ஒருவர் 'ஆர்க்கிடெக்ட்' என்னும் பட்டப்பெயரைப் பயன்படுத்த இயலாது. உட்புற வடிவமைப்பாளர் என்ற பெயருக்கு அத்தகைய காப்பு இல்லை. பயிலாதவரும் பெயர்ப்பலகை மாட்டலாம். ஆகவே பட்டச் சான்றிதழ் மட்டும் வேலை தேடித் தராது. வேலைத்திறன்தான் பட்டதாரியை வேறுபடுத்திக் காட்டும்.

கட்டணம் செலுத்துமுன் பெற்றோர் கல்லூரியின் பட்டறையைப் பார்வையிடுவது நலம். இறுதியாண்டு மாணவரின் வரைபடத் தொகுப்பையும் கேட்டுப் பார்க்கலாம். அதில் வண்ணப் படங்கள் நிறைந்திருந்து, மதிப்பீட்டுப் பட்டியல் ஒன்றேனும் இல்லையெனில், வேறு கல்லூரியை நாடுவதே மேல்.