பேரரசைப் போற்றியவரைப் படிக்கும் முறை

அன்புள்ள பேத்திக்கு,

கல்லூரிக் கட்டுரைக்கு ஒரு வரலாற்றாசிரியரைச் சொல்லும்படி கேட்டிருந்தாய். கே.ஏ. நீலகண்ட சாஸ்திரியாரை எடுத்துக்கொள், கண்ணு. நம் தஞ்சாவூரைப் பேரரசின் தலைநகராக உலக அறிஞர்கள் முன் நிறுத்தியவர் அவர்.

1892இல் கல்லிடைக்குறிச்சியில் பிறந்தார். 1929 முதல் சென்னைப் பல்கலைக்கழகத்தில் வரலாற்றுப் பேராசிரியர். கோயில் சுவர்களிலும் செப்பேடுகளிலும் சிதறிக்கிடந்த செய்திகளைக் கோத்து அவர் ஆங்கிலத்தில் எழுதிய ‘சோழர்கள்’ 1935, 1937 ஆண்டுகளில் வெளிவந்தது. மேலே வலிமையான மன்னன், கட்டுக்கோப்பான அதிகாரிகள்; கீழே தம் காரியத்தைத் தாமே பார்த்துக்கொண்ட ஊர்ச் சபைகள். இதுதான் அவர் கண்ட சோழ அரசு. சபைகளுக்கு உத்திரமேரூர்க் குடவோலைக் கல்வெட்டுகளைச் சான்று காட்டினார். ஆளத் தெரியாதவர்கள் என்று வெள்ளையர் நம்மை இகழ்ந்த நாளில், அந்த நூல் பலருக்குத் தலைநிமிர்வைத் தந்தது.

அவர் நம்பிய கல்வெட்டுகளையே நீயும் படி. தஞ்சைப் பெரிய கோயிலில் ஒன்று, பிற ஊர்க் கோயில்களிலிருந்து சோழ மன்னன் ராஜராஜன் கொண்டுவந்து குடியேற்றிய 400 தளிச்சேரிப் பெண்டுகளை, அதாவது கோயில் ஆடல் மகளிரைச் சொல்கிறது. ஒவ்வொருத்தியின் பெயர், எந்தக் கோயிலிலிருந்து வந்தாள், எந்தத் தெருச் சிறகில் எத்தனையாவது வீடு, எல்லாம் அதில் உண்டு. ஆளுக்கு ஒரு பங்கு. பங்குக்கு ஆண்டுக்கு 100 கலம் நெல், ‘ஆடவல்லான்’ மரக்காலால் அளந்து. நிர்வாகம் எவ்வளவு நுணுக்கம் பார்! ஆனால் வர அவர்களுக்குச் சம்மதமா என்பதைக் கல்வெட்டு சொல்லவில்லை. இன்னொரு கல்வெட்டில் ஈழத்து ஊர்களும் இதே கோயிலுக்கு நெல் அளக்கின்றன. அந்த ஈழத்து மன்னன் ஐந்தாம் மகிந்தன் சோழ நாட்டில் சிறையிலேயே இறந்தான். சோழப் படை மடாலயங்களைக் கொள்ளையிட்டதை அந்நாட்டு வரலாற்று நூலான சூளவம்சம் சொல்கிறது.

பின்வந்தவர்கள் சாஸ்திரியாரோடு வாதிட்டார்கள். அவ்வளவு இறுக்கமான மைய ஆட்சி இருந்ததில்லை என்று பர்ட்டன் ஸ்டெயின் 1980இல் எழுதினார். எ. சுப்பராயலுவும் நொபொரு கராஷிமாவும் கல்வெட்டுச் சொற்களை எண்ணிக் கணக்கெடுத்து, ஆட்சி காலத்துக்குக் காலம் மாறியதைக் காட்டினார்கள்.

அதற்காகச் சாஸ்திரியாரைத் தூக்கி எறியாதே. அவர் உழைப்பில்லாமல் இந்த வாதமே தொடங்கியிருக்காது. அவர் வியந்து நின்ற இடங்களில் மட்டும் நீ கூடுதலாகக் கேள்: நெல் யார் விளைத்தது, யார் அளந்தது, யார் உண்டது? சோழர் கடல் கடந்து கடாரத்தை வென்றதற்குப் பெருமைப்பட்டு, நம்மை வென்றவனை மட்டும் கொடியவன் என்பது நியாயமாகாது. எந்தப் பேரரசையும், நம்முடையதையும், ஒரே மரக்காலால் அள.

அன்புடன்,
தாத்தா