அணுகுவசதியும் ஆண்டுக் கணக்கும்

முன்னுரை

வணிகம் என்பது வாயிலைத் திறந்து வைத்து வருவோரை வரவேற்கும் தொழில். அவ்வாயிலின் முன் உயர்ந்த படிகள் நிற்குமாயின், ஏற இயலாதவருக்கு அது பூட்டிய கதவேயாகும். துறைமுகமும் தொழிற்சாலைகளும் சூழ்ந்த வடசென்னையில், இராயபுரம் முதல் எண்ணூர் வரை பரவியுள்ள கடைகளும் பட்டறைகளும் மாற்றுத்திறனாளிகளின் அணுகுவசதிக்கு எவ்வாறு நிதி ஒதுக்கலாம் என ஆராய்வதே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

நாம் கண்ட காட்சி

இராயபுரத்துத் துணிக்கடை ஒன்றின் முன் நாம் கண்ட காட்சியே இவ்வாய்வுக்கு வித்திட்டது. துறைமுகத்தில் உழைத்து ஓய்வு பெற்ற பெரியவர் ஒருவர், செயற்கைக் கால் பொருத்தியவர், பேத்தியின் திருமணத்திற்குத் துணி எடுக்கக் குடும்பத்தாருடன் வந்திருந்தார். மற்றவர்கள் படியேறி உள்ளே சென்றனர். அவர் தெருவோரத்து நாற்காலியில் அமர்த்தப்பட்டார். கடைக்காரர் நல்லவர்; தேநீர் தருவித்தார்; ஐந்தாறு சேலைகளை வெளியே அனுப்பினார். "எது பிடிக்கிறதோ சொல்லுங்கள், பாய்" என்றார். "உள்ளே இருப்பதையெல்லாம் பார்த்தால்தானே தம்பி, பிடித்தது எது என்று சொல்ல முடியும்" என்றார் பெரியவர்.

அக்கடையில் அன்புக்குக் குறைவில்லை. கணக்கில்தான் ஓர் இனம் குறைந்திருந்தது. விளக்குக்கும் விளம்பரத்திற்கும் ஆண்டுதோறும் பணம் ஒதுக்கும் நாம், படிக்கு மாற்றுவழி அமைப்பதை மட்டும் தருமமாகக் கருதி, மனம் வரும் நாளுக்குத் தள்ளிவைக்கிறோம்.

சட்டம் கூறுவது

2011ஆம் ஆண்டு மக்கள்தொகைக் கணக்கெடுப்பின்படி தமிழகத்தில் மாற்றுத்திறனாளிகள் 11,79,963 பேர். 1995ஆம் ஆண்டுச் சட்டத்திற்கு மாற்றாக வந்த 2016ஆம் ஆண்டின் மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம், அரசு நிறுவனங்களோடு பொதுமக்களுக்குச் சேவை வழங்கும் தனியாரையும் அணுகுவசதிக் கடமைக்குள் கொண்டுவந்தது. விதிகள் அறிவிக்கப்பட்ட நாளிலிருந்து இரண்டு ஆண்டுகள் தவணை தந்தது. விதிகள் வெளிவந்தது 2017இல், தவணையும் முடிந்துவிட்டது. சட்டத்தை முதன்முறை மீறினால் 10,000 ரூபாய் வரையிலும், மீண்டும் மீறினால் 50,000 முதல் 5 லட்சம் ரூபாய் வரையிலும் அபராதம் விதிக்கலாம். 2024 நவம்பர் 8 அன்று உச்ச நீதிமன்றம், அணுகுவசதிக்கான அடிப்படை அளவைகள் வெறும் பரிந்துரையாக இருத்தல் போதாது, அவை கட்டாய விதிகளாதல் வேண்டும் எனத் தீர்ப்பளித்தது.

எனினும் அபராதத்திற்கு அஞ்சி அமைக்கும் சாய்தளம் பெரும்பாலும் பெயரளவினதாகவே அமையும். எனவே அளவை முதலில் அறிதல் நன்று.

அளவும் இடமும்

சாய்தளத்திற்குரிய பொதுவிதி ஒன்றுக்குப் பன்னிரண்டு என்பதாம். ஓர் அடி உயரத்திற்குப் பன்னிரண்டு அடி நீளம் வேண்டும். நம் பகுதியில் சாலை போடுந்தோறும் தெரு உயர்கிறது. மழைநீர் உட்புகாதிருக்கக் கடைக்காரரும் தளத்தை உயர்த்துகிறார். ஒன்றரை அடி உயர்ந்த கடைக்குப் பதினெட்டு அடிச் சாய்தளம் தேவை. நெருக்கமான தெருவில் அதற்கு இடமேது? இருக்கும் நான்கடியில் செங்குத்தாகச் சரித்துவிட்டால், சக்கர நாற்காலி பின்னோக்கிச் சரியும். அது வசதியன்று, ஆபத்து.

இதற்கு வழிகள் உண்டு. கடையின் பக்கவாட்டில் திருப்பம் வைத்து அமைக்கலாம். சாய்வின் ஒரு பகுதியைக் கடையின் உட்புறத்திலேயே கொள்ளலாம். ஒரே வரிசையிலுள்ள கடைக்காரர்கள் கூடிப் பொதுச் சாய்தளம் ஒன்று அமைத்துச் செலவைப் பங்கிடலாம். நடைபாதையையும் கால்வாயையும் மறைத்துக் கட்டுவது மட்டும் கூடாது. புதிதாகக் கட்டுவோர் வரைபட நிலையிலேயே இதனைச் சேர்த்தால் செலவு மிகக் குறையும். கட்டியதை இடித்துத் திருத்துவதே பெருஞ்செலவு.

மூன்று தலைப்புகள்

அணுகுவசதிச் செலவை மூன்று தலைப்புகளில் எழுதலாம்.

முதலாவது, அமைப்புச் செலவு. சாய்தளம், கைப்பிடி, சக்கர நாற்காலி நுழையும் அகலக் கதவு, தாழ்ந்த பணமேசை, ஏற்ற கழிப்பறை ஆகியன இதில் அடங்கும்.

இரண்டாவது, பணியாளர் செலவு. பார்வையற்றவரிடம் பொருளை விளக்குதல், செவித்திறன் குறைந்தவருக்கு விலையை எழுதிக் காட்டுதல் போன்ற பயிற்சிக்குப் பணத்தினும் மனமே மிகுதியாக வேண்டும். பட்டறையில் விபத்துற்ற தொழிலாளி மீண்டும் பணிசெய்ய ஏதுவாக மேசையையும் கருவியையும் மாற்றியமைத்தலும் இதனுள் அடங்கும்.

மூன்றாவது, பராமரிப்புச் செலவு. பலரும் மறப்பது இதனையே. மெரினா கடற்கரையில் மாற்றுத்திறனாளிகள் அலையருகே செல்ல அமைத்த மரப்பாதை 2022 நவம்பர் 27 அன்று திறக்கப்பட்டது. அடுத்த மாதமே மாண்டஸ் புயலில் அது சேதமுற்று, பின்னர் சீரமைக்கப்பட்டது. கடலுக்கு அண்மையிலுள்ள நம் பகுதியிலும் உப்புக்காற்று இரும்புக் கைப்பிடியை அரிக்கும். கட்டிய ஆண்டோடு கணக்கை மூடிவிடலாகாது.

ஓர் எடுத்துக்காட்டு. ஆண்டுக்கு 40 லட்சம் ரூபாய் விற்பனையுள்ள கடை, நூறு ரூபாய்க்கு ஐம்பது காசு ஒதுக்கினால் ஆண்டுக்கு 20,000, மூன்றாண்டுகளில் 60,000 ரூபாய் சேரும். முதலாண்டில் வழியை மறிக்கும் மூட்டைகளை அகற்றி, பணமேசையைத் தாழ்த்தி, பணியாளரைப் பயிற்றலாம். இரண்டாம் ஆண்டில் சாய்தளம்; மூன்றாம் ஆண்டில் கதவும் கைப்பிடியும். அதன்பின் ஒதுக்குவது பராமரிப்புக்கு. அவரவர் வலிமைக்கேற்பத் தொகை மாறலாம். ஆனால் ஏட்டில் அந்த வரி இருத்தல் வேண்டும்.

முடிவுரை

2021 பிப்ரவரியில் மெட்ரோ இரயில் விம்கோ நகர் வரை நீண்டது. சக்கர நாற்காலியில் வருபவர் காலடிப்பேட்டையிலும் திருவொற்றியூர்த் தேரடியிலும் மின்தூக்கியில் இறங்கித் தெருவை அடையலாம். அதன்பின் அவரைத் தடுப்பது நம் கடைப்படியே.

வலியறிதல் அதிகாரத்தில் வரவையும் செலவையும் அளந்து வாழக் கற்பித்தார் வள்ளுவர். ஆள்வினையுடைமையில், பொறியின்மை எவருக்கும் பழியாகாது, முயலாமையே பழி என்றார். 'பொறி' என்பதற்கு ஊழ் என்றும் உறுப்பு என்றும் உரை கூறுவர். எவ்வுரையைக் கொண்டாலும், முயன்று வாயில்வரை வந்தவரைப் படியில் நிறுத்துவதன் பழி நம்மையே சாரும். வரும் ஆண்டின் புதுக்கணக்கில், வணிகப் பெருமக்கள் அந்த ஒரு வரியை எழுதத் தொடங்குவார்களாக. மாணவர்கள் தம் இல்லத்துக் கடையின் படி உயரத்தை இன்றே அளந்து பார்ப்பார்களாக.