ஒளியை ஒளியாற் பெருக்குதல்

மயிரினும் சிறிது தடித்த கண்ணாடியிழையினுட் புகுந்த ஒளி பக்கவாட்டில் வெளியேறாது நெடுந்தூரம் செல்வதற்கு முழுவுட்டெறிப்பே காரணம் என்பதைப் பௌதிகம் பயின்றோர் யாவரும் அறிவர். ஆயினும் வெளியேறாத ஒளியும் தேயும். எத்துணைத் தூய கண்ணாடியும் ஒளியைச் சிறிது சிறிதாகச் சிதறடிக்கும். 1550 நானோமீற்றர் அலைநீளத்திலேயே இவ்விழப்பு மிகக் குறைவு. அங்குங்கூட 100 கிலோமீற்றர் சென்றபின் எஞ்சுவது ஏறத்தாழ நூற்றிலொரு பங்கே. 200 கிலோமீற்றர் சென்றாற் பதினாயிரத்திலொரு பங்கே. இவ்வாறாயின் ஒரு சமுத்திரத்தைக் கடப்பது எங்ஙனம்?

1988 ஆம் ஆண்டில் அத்திலாந்திக் சமுத்திரத்தின் அடியில் முதன்முதலாகச் சேவைக்கு வந்த ஒளியிழை வடத்திலே, இடையிடையே அமைந்த கருவிகள் நலிந்த ஒளியை மின்னாக்கித் திருத்திப் புதிய ஒளியாக அனுப்பின. முறை செம்மையானதே. ஆனால் ஒரு வேகத்துக்கென அமைத்த மின்சுற்று மற்றொரு வேகத்துக்கு உதவாது. பல அலைநீளங்களை அனுப்பின் ஒவ்வொன்றுக்கும் தனிச்சுற்று வேண்டும். ஆழ்கடலிற் கிடக்கும் பெட்டியை மாற்றுவதோ எளிதன்று.

இத்தடையை நீக்கியது எர்பியம் என்னும் அருமண் உலோகம். நியோடிமியம் கலந்த இழையில் ஒளியைப் பெருக்கலாம் என்பதைக் கோஸ்ரர், சினிற்சர் என்போர் 1964 இலேயே காட்டியிருந்தனர். வடங்களுக்கு ஏற்ற 1550 நானோமீற்றர் ஒளியை எர்பியத்தாற் பெருக்கிக் காட்டியோர், 1987 இல் இங்கிலாந்தின் சவுதாம்ரன் பல்கலைக்கழகத்து டேவிட் பெயின் குழுவினரும், அமெரிக்காவின் பெல் ஆய்வுகூடத்து எம்மானுவேல் தெசுர்விர் முதலானோருமாவர்.

இழையின் நடுவே மிகச் சிறிதளவு எர்பிய அயன்களைக் கலந்து, 980 நானோமீற்றர் லேசர் ஒளியைச் சைகையுடன் சேர்த்துச் செலுத்துவர். அயன்கள் அவ்வொளியை உறிஞ்சி உயர்ந்த சத்திமட்டத்துக்கு ஏறி, விரைவில் ஒருபடி இறங்கி, அங்கே சராசரியாகப் 10 மில்லிசெக்கன் தங்கும். அந்நிலையிற் சைகையின் ஒளிச்சொட்டொன்று வந்து தூண்டுமாயின், அயன் தன் சத்தியை அதே அலைநீளமும் அதே திசையும் அதே அவத்தையுமுடைய மற்றொரு சொட்டாக விடும். 1916 இல் ஐன்ஸ்ரைன் கூறிய தூண்டற் காலல் இதுவே. ஒன்று இரண்டாகி, இரண்டு நான்காகி, சில பத்து மீற்றர் நீளத்துள் சைகை நூறு மடங்கோ ஆயிரம் மடங்கோ பெருகிவிடும்.

அந்தப் 10 மில்லிசெக்கனைச் சற்று உற்று நோக்குவோம். நமக்கு அது கண்ணிமைப்பிலும் குறைவு. செக்கனின் நூறு கோடியிலொரு பங்கினும் சிறிதான சைகைத் துடிப்புக்கோ அது ஒரு யுகம். பெருங்குளத்தில் ஒரு பட்டை நீரை இறைத்தாற் குளம் வற்றாதது போல, ஒரு துடிப்புக் கொண்டுசெல்லும் சத்தியால் அயன்களின் சேமிப்புக் குன்றுவதில்லை. அடுத்த துடிப்பும் அதேயளவு பெருக்கத்தைப் பெறும். எர்பியத்தின் சிறப்புகளுள் இதனையே நாம் தலையாயதாகக் கொள்வோம்.

மேலும், இவ்விழை சைகையை வாசிப்பதில்லை. சொற்களை விளங்காது ஒலியை மட்டும் உரத்துக் கூறும் ஒலிபெருக்கியை ஒத்தது அது. ஆகவே 1530 முதல் 1565 நானோமீற்றர் வரையுள்ள பல அலைநீளங்களை, எவ்வேகத்தில் வரினும், ஒருங்கே பெருக்கும். எமது நாட்டில் மாத்தறையிற் கரையேறும், தென்கிழக்காசியாவை மேற்கைரோப்பாவுடன் இணைக்கும் ஐந்தாம் வடமும் இம்முறையினதே.

வாசியாமைக்கு விலையும் உண்டு. தூண்டுதலுக்குக் காத்திராத சில அயன்கள் தாமாகவே ஒளிவிடும். அவ்வொளியும் இழையின் வழியே பெருகிச் சைகையோடு இரைச்சலாகக் கலக்கும். இது செய்தொழிலின் குறையன்று. பெருக்கம் மிகுந்தவிடத்து, எத்துணை நேர்த்தியான கருவியும் சைகைக்கும் இரைச்சலுக்குமுள்ள விகிதத்தைப் பாதியாக்கியே தீரும் என்பது இயற்கை விதி. பழைய மின்கருவி இரைச்சலைக் களைந்தது. இதுவோ அதனையும் சுமந்துசெல்கிறது. சைகை மிக நலிந்தபின் பெருக்கினால் இரைச்சலே மேலோங்கும். ஆதலாற் பெருங்கடல்களைக் கடக்கும் வடங்களிற் செலவு மிகுந்தாலும் பெருக்கிகளை நெருக்கமாக வைத்து, ஒவ்வொன்றிலும் சிறிதளவே பெருக்குகின்றனர்.