கோழிதானே என்று சொல்லாதீர்கள்

சில மாதங்களுக்கு முன்னர் எமது பொது மருத்துவப் புறநோயாளர் பிரிவுக்கு 68 வயது அம்மையார் ஒருவர் தம் மகனுடன் வந்தார். பத்தாண்டுகளாக நீரிழிவும் உயர் இரத்த அழுத்தமும் உள்ளவர். ஒரு வேளை மாத்திரையையும் தவறவிடாதவர். அன்று அவரது இரத்த அழுத்தம் 190/110 ஆகவும், சர்க்கரை 320 ஆகவும் இருந்தன. மாத்திரையின் அளவைக் கூட்டி அனுப்பினோம். இரண்டு வாரம் கழித்தும் மாற்றமில்லை. அதன் பிறகே, "வீட்டில் ஏதாவது நடந்ததா அம்மா?" என்று கேட்டோம். அவர் வாய் திறப்பதற்குள், "ஒரு கோழி செத்துப்போச்சு டாக்டர், அதுக்குத்தான் இவ்வளவும்" என்று மகன் சிரித்தார். அம்மையார் தலையைக் குனிந்துகொண்டார். அவர் ஒப்புதலுடன், அடையாளங்களை மாற்றி இதனை எழுதுகிறோம்.

கணவர் மறைந்த பின் தனித்து வாழ்ந்தவர் அவர். விடியலில் பஞ்சாரத்தைத் தூக்கிவிட்டு, கோழிக்குக் குருணை இறைத்த பின் காலை மாத்திரை. அந்தியில் அதனை அடைத்த பின் இரவு மாத்திரை. ஆறு ஆண்டுகள் இப்படியே கழிந்தன. ஒரு நாள் காலை பஞ்சாரத்துக்குள் கோழி அசைவற்றுக் கிடந்தது. அதனோடு அவருடைய நாளின் ஒழுங்கும் குலைந்தது, உணவு குறைந்தது, மாத்திரையும் மறந்துபோனது. உட்கொள்ளாத மாத்திரையின் அளவையே நாங்கள் கூட்டியிருந்தோம். அரைகுறை உணவுடன் அவர் அவற்றை ஒழுங்காக உண்டிருந்தால் சர்க்கரை மிகத் தாழ்ந்து மயங்கியிருக்கவும் கூடும். முதல் நாளே கேளாதது எங்கள் பிழை.

ஆறுதல் கிட்டாத துயரம்

மனிதர் இறந்தால் துக்கம் விசாரிக்க ஊர் வருகிறது. சடங்குகளும் விடுப்பும் அழுவதற்கு இடமும் உண்டு. வளர்ப்புக் கோழி இறந்தால் இவற்றுள் ஒன்றும் இல்லை. சுற்றத்தார் ஏற்காத இத்தகைய துயரத்தை, 'உரிமை மறுக்கப்பட்ட துயரம்' என்னும் பொருள்படும் பெயரால் அமெரிக்க அறிஞர் கென்னத் டோக்கா 1989 இல் விளக்கினார். நாய்க்காக அழுபவரிடம் சிறிதேனும் இரக்கம் காட்டுவோர்கூடக் கோழிக்காக அழுபவரைக் கண்டு நகைக்கின்றனர். அது உணவாகவும் இருப்பதே காரணம். ஆனால் சந்தையில் விற்கும் கோழியும், பெயர் சொல்லி அழைத்தால் ஓடிவந்து காலருகே நின்ற கோழியும் ஒருவர் மனத்தில் ஒன்றல்ல. இழந்தது எத்தகைய உயிர் என்பதைவிட, அது அவர் வாழ்வில் எந்த இடத்தை நிரப்பியிருந்தது என்பதே துயரத்தின் அளவைத் தீர்மானிக்கிறது.

"நான் கவனிக்காமல் விட்டேனோ?"

திடீர் இறப்பில் குற்ற உணர்வே அதிகம் வாட்டும். பிற விலங்குகளுக்கு இரையாகும் பறவையினம் ஆதலால், கோழி தன் நோயை இயன்றவரை மறைத்துக்கொள்ளும். மாலையில் இரை தின்றது மறுநாள் காலையில் இறந்து கிடப்பது அரிதன்று. வெள்ளைக்கழிச்சல் எனப்படும் ராணிக்கெட் நோய், வியர்வைச் சுரப்பி இல்லாத அதன் உடல் தாங்காத கோடை வெப்பம், முட்டை உள்ளே சிக்கிக்கொள்ளுதல், கொழுப்பேறிய கல்லீரலில் இரத்தக்கசிவு எனக் காரணங்கள் பல. பிரேதப் பரிசோதனையின்றி இன்னதுதான் என்று கூற இயலாது. சான்றே இல்லாத வழக்கில் உங்களை நீங்களே குற்றவாளியாக்கிக்கொள்ள வேண்டாம்.

துயரம் இதயத்தையும் தாக்கும்

கடுந்துயரத்தால் இதயத்தின் இடது கீழறை தற்காலிகமாக வலுவிழந்து உப்பும் நிலை ஒன்று உண்டு. ஜப்பானிய மருத்துவர்கள் 1990 இல் இதனை விவரித்து, ஆக்டோபஸ் பிடிக்கும் பானையின் வடிவை ஒத்திருப்பதால் 'தகோட்சுபோ' என்று பெயரிட்டனர். மாதவிடாய் நின்ற பெண்களிடம் இது மிகுதி. வளர்ப்பு நாயின் இறப்புக்குப் பின் இந்நோய்க்கு ஆளான அமெரிக்கப் பெண்மணி ஒருவரைப் பற்றி 2017 இல் 'நியூ இங்கிலாந்து ஜர்னல் ஆஃப் மெடிசின்' இதழ் வெளியிட்டது. பெரும்பாலானோர் சில வாரங்களில் நலமடைவர். எனினும் அறிகுறிகள் மாரடைப்பைப் போன்றே இருக்கும். ஆகவே நெஞ்சுவலியோ மூச்சுத்திணறலோ தோன்றினால், "கவலையினால்தான்" என்று வீட்டிலேயே இருந்துவிடாமல் உடனே 108 ஐ அழையுங்கள்.

செய்யத்தக்கவை

• உடனிருப்போர் "வேறு கோழி வாங்கிக்கொள்ளலாம்" என்று தொடங்க வேண்டாம். "அது எப்படி இருக்கும், சொல்லுங்கள்" என்று கேட்டு, அவர் பேசி முடிக்கும்வரை செவிமடுத்தாலே போதும்.

• மாத்திரை வேளையை வேறொரு அன்றாடச் செயலோடு இணைத்துவிடுங்கள். முதல் இரண்டு வாரம் உணவையும் மாத்திரையையும் ஒருவர் நேரில் சரிபார்ப்பது நலம்.

• குழந்தைகளிடம் "தூங்குகிறது", "ஊருக்குப் போய்விட்டது" என்று கூறாதீர்கள். சிறு குழந்தை உறக்கத்துக்கே அஞ்சக்கூடும். அல்லது திரும்பி வருமென்று காத்திருக்கும். "இறந்துவிட்டது, இனி வராது, உன் தவறு ஏதுமில்லை" என்று எளிமையாகக் கூறுங்கள்.

• திடீரென இறந்த கோழியை உண்ணாதீர்கள், வெறுங்கையால் தொடாதீர்கள். ஆழக் குழி தோண்டிச் சுண்ணாம்பு தூவிப் புதைத்துவிட்டுச் சோப்பினால் கை கழுவுங்கள். புற்றுநோய் மருந்து பெறுவோரும் உறுப்பு மாற்றம் செய்துகொண்டோரும் இப்பணியைப் பிறரிடம் விடவேண்டும். அடுத்தடுத்துக் கோழிகள் இறந்தால் கால்நடை மருந்தகத்துக்குத் தெரிவியுங்கள்.

• இரண்டு வாரத்துக்கு மேல் நாள் முழுதும் மனச்சோர்வு, உறக்கமின்மை, உணவில் வெறுப்பு நீடித்தால் மருத்துவரை அணுகுங்கள். வாழ்வதில் பயனில்லை என்ற எண்ணம் தோன்றினால் ஒரு நாளும் காத்திராதீர்கள். 14416 என்ற டெலி மானஸ் எண்ணில் கட்டணமின்றித் தமிழில் பேசலாம்.

அந்த அம்மையார் கோழியைக் கொல்லையில் எலுமிச்சை மரத்தடியில் புதைத்திருந்தார். இப்போது காலையில் அம்மரத்துக்கு நீர் ஊற்றிய பின் மாத்திரை உண்கிறார். அந்தியில் மகன் தொலைபேசியில் அழைத்து நினைவூட்டுகிறார். ஆறு வாரத்தில் இரத்த அழுத்தம் 140/84 ஆக இறங்கியது. புதுக் கோழி வாங்கித் தருவதாக மகன் கூறியபோது, "இப்போது வேண்டாம்" என்று மறுத்துவிட்டார். மகன் இம்முறை சிரிக்கவில்லை.

உங்கள் வீட்டிலும் இத்தகைய இழப்பு நேர்ந்திருந்தால், அடுத்த முறை வரும்போது எங்களிடம் தயங்காமல் கூறுங்கள். அதுவும் உங்கள் நோய்க்குறிப்பில் இடம்பெற வேண்டிய செய்தியே.