கார்டு வாங்குமுன் வீட்டைப் பாருங்கள்: புதுவாயல் பிள்ளைகளுக்குச் சில அறிவுரைகள்



புதுவாயலிலும் கவரைப்பேட்டையிலும் பொறியியல் கல்லூரிகள் இருப்பதால், நம் பக்கத்தில் வீட்டுக்கு ஒரு பிள்ளையாவது கம்ப்யூட்டர் அசெம்பிள் செய்ய ஆசைப்படுகிறது. அப்பாவின் தீபாவளி போனஸிலோ, முதல் சம்பளத்திலோ கிராபிக்ஸ் கார்டு வாங்குகிறீர்கள். வாங்கிய மறுநாளே ஓவர்க்ளாக் செய்து பார்க்கத் துடிக்கிறீர்கள். ஆசையில் தப்பில்லை. ஆனால் நீங்கள் பார்த்துக் கற்கும் வீடியோக்கள் பெரும்பாலும் குளிர்ந்த அறையில், சீரான மின்சாரத்தில், தூசி இல்லாத இடத்தில் எடுத்தவை. நாம் இருப்பது கொல்கத்தா நெடுஞ்சாலைக்கும் கும்மிடிப்பூண்டி உருக்காலைகளுக்கும் நடுவில். சிப்காட் தொழிற்பேட்டையில் மின் பராமரிப்பு வேலையில் காலம் கழித்தவன் என்ற முறையில், இந்த ஊருக்குப் பொருந்தும்படி சொல்ல எனக்குச் சில விஷயங்கள் உண்டு.

1. என்ன வேலைக்கு என்று ஒரு வரியில் எழுதுங்கள்.
1080பி மானிட்டரில் கேம் ஆடவா, வீடியோ எடிட்டிங்கா, பிளெண்டரா, கடைசி வருட மெஷின் லேர்னிங் ப்ராஜெக்டா? கேமுக்கு மட்டும் என்றால் 8 ஜிபி உள்ள ஆர்எக்ஸ் 6600, ஆர்டிஎக்ஸ் 4060 போன்றவை 1080பி-க்குப் போதும். மாடல் பயிற்சிக்கு என்றால் வேகத்தைவிட கார்டின் நினைவகம் முக்கியம். மாடல் நினைவகத்தில் அடங்காவிட்டால் எவ்வளவு வேகமான கார்டாலும் பயனில்லை. அதனால்தான் 2021-ல் வந்த 12 ஜிபி ஆர்டிஎக்ஸ் 3060-ஐ மாணவர்கள் இன்னும் தேடுகிறார்கள். இன்டெலின் ஆர்க் பி580-லும் 12 ஜிபி உண்டு. ஆனால் உங்கள் பாடம் கூடா (CUDA) மென்பொருளை நம்பியிருந்தால் என்விடியா கார்டுதான் வாங்க வேண்டும். நினைவகத்தை எந்த ஓவர்க்ளாக்கும் பெரிதாக்காது. இதை வாங்கும் அன்றே முடிவு செய்துவிட வேண்டும்.

2. பழைய மதர்போர்டின் ஸ்லாட்டைக் கவனியுங்கள்.
எல்லாக் கார்டும் 16 லேன்களைப் பயன்படுத்துவதில்லை. ஆர்டிஎக்ஸ் 4060, ஆர்எக்ஸ் 6600 இரண்டும் 8 லேன்தான். 2022-ல் வந்த ஆர்எக்ஸ் 6500 எக்ஸ்டி வெறும் 4. பிசிஐ எக்ஸ்பிரஸ் மூன்றாம் தலைமுறை போர்டில் 4 லேன் கார்டைப் போட்டால் கண்ணுக்குத் தெரியும்படி வேகம் குறையும். ஆர்க் கார்டு வாங்கினால் ரீசைசபிள் பார் வசதி போர்டில் இருக்க வேண்டும். பிராசஸர் பழையதென்றால் கார்டு பாதி நேரம் சும்மா காத்திருக்கும். கேம் ஓடும்போது கார்டின் பயன்பாடு 60, 70 சதவீதத்திலேயே நிற்கிறதா? அப்படியென்றால் உங்களுக்கு வேண்டியது பெரும்பாலும் வேறு பிராசஸர்.

3. பவர் சப்ளைக்கு முதலில் பணம் ஒதுக்குங்கள்.
கேபினெட்டோடு இலவசமாக வரும் எஸ்எம்பிஎஸ்-ஐ நம்பிக் கார்டு மாட்டாதீர்கள். ஸ்லாட் தருவது அதிகபட்சம் 75 வாட். 6 பின் கனெக்டர் இன்னொரு 75, 8 பின் 150. ஆர்டிஎக்ஸ் 4060-க்கு 115 வாட், ஆர்எக்ஸ் 6600-க்கு 132, ஆர்டிஎக்ஸ் 3060-க்கு 170, ஆர்க் பி580-க்கு 190. இது சராசரிக் கணக்குதான். கண நேரத்துக்குக் கார்டு இதைவிட அதிகமாக இழுக்கும். நல்ல கம்பெனியின் 550 வாட் 80 ப்ளஸ் ப்ரான்ஸ் (Bronze) தரச் சப்ளை இந்த வகைக் கார்டுகளுக்குத் தாராளம். லேபிளில் உள்ளீடு 100 முதல் 240 வோல்ட் என்று போட்டிருக்கிறதா பாருங்கள். 200 முதல் 240 வரை மட்டும் தாங்கும் மலிவு சப்ளை, மாலையில் வோல்டேஜ் இறங்கும்போது முதலில் திணறும். பழைய சப்ளையை மாற்றவே முடியாதா? தனிக் கனெக்டர் கேட்காத 70 வாட் ஆர்டிஎக்ஸ் 3050 6 ஜிபி கார்டோடு நிறுத்திக்கொள்ளுங்கள்.

4. எர்த் இருக்கிறதா என்று எலெக்ட்ரீஷியனை வைத்து அளந்து பாருங்கள்.
மூன்று துளை பிளக் இருப்பதாலேயே எர்த் இருப்பதாக அர்த்தமில்லை. நம் பக்கத்துப் பழைய வீடுகள் பலவற்றில் மூன்றாவது துளைக்குக் கம்பியே வந்திருக்காது. கேபினெட்டைத் தொட்டால் சுர்ரென்று இழுத்தால் அதை அலட்சியம் செய்யாதீர்கள். நியூட்ரலுக்கும் எர்த்துக்கும் நடுவே ஒன்றிரண்டு வோல்ட்டுக்குமேல் காட்டினால் லைனைச் சரிபார்க்கச் சொல்லுங்கள். மழைக்காலத்தில் இடி இடிக்கும்போது சுவிட்சை அணைத்தால் மட்டும் போதாது, பிளக்கையே பிடுங்குங்கள். இன்டர்நெட் கேபிளையும் கழற்றுங்கள். 600 விஏ யூபிஎஸ் பெரும்பாலும் 360 வாட் அளவுதான் தாங்கும். கரண்ட் போனதும் வேலையைச் சேமித்து அணைப்பதற்குத்தான் அது. அதில் கேம் ஆடாதீர்கள்.

5. அறையின் சூட்டைக் கணக்கில் சேருங்கள்.
கார்டின் சூடு என்பது அறையின் சூட்டின்மேல் ஏறும் சூடு. ஒரு கார்டு முழு வேலையில் அறையைவிட 45 டிகிரி அதிகமாக ஓடுகிறது என்று வையுங்கள். ஏசி அறையில் 26 டிகிரி இருந்தால் கார்டு 71. அக்னி நட்சத்திரத்தில் ஓட்டுவீட்டு அறை 38 டிகிரி இருந்தால் அதே கார்டு 83. என்விடியா கார்டுகள் பலவும் அந்த 83-ஐ ஒட்டித்தான் தாமாகவே வேகத்தைக் குறைக்கத் தொடங்கும். டிசம்பரில் நீங்கள் கஷ்டப்பட்டுக் கூட்டிய மெகாஹெர்ட்ஸை மே மாதம் எடுத்துக்கொள்ளும். எனவே கார்டு தேடும்போது ஒரு ஃபேன் உள்ளதைவிட இரண்டு ஃபேனும் தடித்த ஹீட்சிங்கும் உள்ளதை எடுங்கள். கேபினெட் முன்புறம் கண்ணாடியாக மூடியிருந்தால் அழகுதான். காற்று எங்கிருந்து வரும்? முன்புறம் வலை, உள்ளிழுக்க இரண்டு ஃபேன், வெளியேற்ற ஒன்று. கேபினெட்டைச் சுவரோடு ஒட்டியோ, மேசையின் மூடிய அறைக்குள்ளோ வைக்காதீர்கள்.

6. நம் ஊர்த் தூசி சாதாரணத் தூசி இல்லை.
உருக்காலைப் பக்கத்துத் தூசியில் இரும்புத் துகளும் கரியும் கலந்திருக்கும். பழவேற்காட்டுப் பக்கமிருந்து வரும் காற்றில் உப்பும் ஈரமும் உண்டு. இரும்புத் துகளும் ஈர உப்பும் மின்சாரத்தைக் கடத்துபவை. இவை சேர்ந்து போர்டின்மேல் படிந்தால் ஹீட்சிங்க் அடைபடுவதோடு நிற்காது; பின்களுக்கு நடுவே கசிவும் துருவும் வரும். கேபினெட்டின் வடிகட்டி வலையை இரண்டு வாரத்துக்கு ஒரு முறை தட்டுங்கள். இரண்டு மாதத்துக்கு ஒரு முறை பிளக்கைப் பிடுங்கி, பவர் பட்டனை ஒரு முறை அழுத்தி மிச்ச மின்சாரத்தை வெளியேற்றிவிட்டு, வெளியே எடுத்துப்போய் ப்ளோயரால் ஊதுங்கள். ஊதும்போது கார்டின் ஃபேனை விரலால் பிடித்துக்கொள்ளுங்கள். அளவுக்குமீறிச் சுழன்றால் பேரிங் கெடும். ஈரத்துணி கூடவே கூடாது.

7. ரிச்சி தெருவுக்குப் போகும்போது அவசரப்படாதீர்கள்.
கவரைப்பேட்டையிலோ பொன்னேரியிலோ ரயில் ஏறி சென்ட்ரலில் இறங்கினால் ரிச்சி தெரு பக்கம்தான். முதல் கடையில் வாங்காமல் நாலு கடையில் விலை கேளுங்கள்; ஆன்லைன் விலையையும் கையில் வைத்திருங்கள். பில் வேண்டாமென்றால் 18 சதவீத ஜிஎஸ்டி மிச்சம் என்று யாராவது சொன்னால் ஒப்புக்கொள்ளாதீர்கள். பில்லும் அதில் கார்டின் சீரியல் எண்ணும் இருந்தால்தான் வாரண்டி கேட்கும்போது உங்கள் கையில் ஆதாரம் இருக்கும். எத்தனை வருட வாரண்டி, சர்வீஸ் சென்டர் சென்னையில் உண்டா என்று கேட்டு எழுதிக்கொள்ளுங்கள்.

8. செகண்ட்ஹேண்ட் கார்டை ஓடவிட்டுப் பார்க்காமல் வாங்காதீர்கள்.
2022 செப்டம்பரில் எத்தீரியம் என்ற மெய்நிகர் நாணயத்தின் முறை மாறியதும், இரவுபகலாக மைனிங்கில் ஓடிய கார்டுகள் ஏராளமாக விற்பனைக்கு வந்தன. அவற்றில் நல்லவையும் உண்டு. ஆனால் ஃபேன் தேய்ந்து, நினைவகத்தின்மேல் உள்ள தெர்மல் பேட் காய்ந்துபோனவையும் உண்டு. அரை மணி நேரம் முழு வேலையில் ஓடவிட்டு, சூட்டையும் ஃபேன் சத்தத்தையும் கவனியுங்கள். திரையில் புள்ளியோ கோடோ தெரிந்தால் திருப்பிக் கொடுத்துவிடுங்கள். பழைய சிப்பின் பயாஸை மாற்றி ஜிடிஎக்ஸ் 1050 டிஐ என்று பெயர் காட்டும் போலிகளும் சந்தையில் வந்தன. ஜிபியு-இசட் என்ற இலவச மென்பொருள் 2018 முதல் இவற்றில் பலவற்றைக் கண்டுபிடித்துச் சொல்கிறது. பென் டிரைவில் அதை எடுத்துப் போங்கள்.

9. வேகத்தைக் கூட்டுமுன் இருப்பதை அளந்து எழுதுங்கள்.
2012-ல் ஜிடிஎக்ஸ் 680 வந்ததிலிருந்து கார்டு தன் சூட்டையும் வாட்டையும் பார்த்துத் தானே வேகத்தை ஏற்றி இறக்குகிறது. ஆகவே பெட்டியில் போட்டிருக்கும் எண் உங்கள் கார்டின் உண்மையான வேகம் ஆகாது. எம்எஸ்ஐ ஆஃப்டர்பர்னர் மென்பொருளைப் போட்டு ஒரு வாரம் எதையும் மாற்றாமல் பாருங்கள்: வேகம், வோல்டேஜ், சூடு, வாட், ஃபேன், பிரேம் எண்ணிக்கை. அதோடு அறையின் வெப்பநிலை. ஒரு நோட்டில் தேதியுடன் எழுதுங்கள். இந்தக் குறிப்பு இல்லாதவருக்கு, பிறகு என்ன கூடியது, என்ன குறைந்தது என்று ஒருநாளும் தெரியாது.

10. ஒரு நேரத்தில் ஒன்றை மட்டும் மாற்றுங்கள்.
முதலில் கோர். 15 அல்லது 25 மெகாஹெர்ட்ஸ் கூட்டி, சூப்பர்பொசிஷன் போன்ற சோதனையைப் பத்து நிமிடம் ஓட்டுங்கள். சரியென்றால் அடுத்த படி. திரை ஒரு கணம் கறுத்து டிரைவர் மீண்டும் தொடங்கினாலோ, படத்தில் வினோத வண்ணம் தெரிந்தாலோ, இரண்டு படி இறங்குங்கள். பிறகு கோரைப் பழைய நிலையில் வைத்துவிட்டு நினைவகத்தை 50, 50-ஆகக் கூட்டுங்கள். நினைவகத்தில் ஒரு கண்ணி உண்டு: எல்லை தாண்டினாலும் கார்டு விழாது. பிழையைக் கண்டுபிடித்து மறுபடி அனுப்பிக்கொண்டே இருக்கும். எண் ஏறும், மதிப்பெண் இறங்கும். மதிப்பெண் இறங்கத் தொடங்கும் இடத்துக்கு முன்பே நில்லுங்கள். கடைசியில் இரண்டையும் சேர்த்துச் சோதியுங்கள். 3டிமார்க் டைம் ஸ்பை அழுத்தச் சோதனை 20 சுற்று ஓடும். 97 சதவீதம் நிலைத்தன்மை இருந்தால் தேர்ச்சி. அதன்பின் நீங்கள் வழக்கமாக ஆடும் கேமை ஒரு முழு மாலை ஆடிப் பாருங்கள். இவ்வளவும் முடிந்த பிறகுதான் விண்டோஸ் தொடங்கும்போதே அமலாகும்படி டிக் போடலாம்.

11. நம் ஊருக்கு அண்டர்வோல்ட்தான் உகந்தது.
என் மொத்த அறிவுரையில் ஒன்றைத்தான் நினைவில் வைக்க முடியுமென்றால், இதை வையுங்கள். சிப் தின்னும் மின்சாரம் வேகத்தோடு நேராகக் கூடும்; வோல்டேஜின் வர்க்கத்துக்கு ஏற்பக் கூடும். அதே வேகத்தை 1.05 வோல்ட்டுக்குப் பதில் 0.90 வோல்ட்டில் பிடித்துவிட்டால், இயங்கும் மின்சாரம் சுமார் கால்பங்கு குறையும். ஆஃப்டர்பர்னரில் கன்ட்ரோலும் எஃப்-பும் அழுத்தினால் வோல்டேஜ் வளைகோடு திறக்கும். 0.90-க்கு நேரே உங்கள் வழக்கமான வேகத்தை உயர்த்தி வைத்து, அதற்கு வலப்பக்கத்தைத் தட்டையாக்குங்கள். ஏஎம்டி கார்டென்றால் அட்ரினலின் மென்பொருளிலேயே இதற்கு வழி உண்டு. சோதிக்கும் முறை பத்தாவது அறிவுரையில் சொன்னதேதான். சூடு இறங்கும், ஃபேன் அடங்கும், வெயில் காலத்திலும் வேகம் விழாது. கூட்டி ஐந்து சதவீதம் பெறுபவரைவிட, குறைத்து மே மாதத்திலும் அதே வேகத்தைத் தக்கவைப்பவருக்கே இங்கே லாபம்.

12. மே மாதப் பிற்பகலில் தேறியதே தேறியது.
குளிர்காலத்தில் நிலைத்த அமைப்பு கோடையில் விழலாம். ஆஃப்டர்பர்னரில் இரண்டு புரொஃபைல் சேமியுங்கள்: மார்கழிக்கு ஒன்று, சித்திரைக்கு ஒன்று. மாற்றுவதற்கு ஒரு கிளிக்தான்.

13. கணக்கு வேலைக்கு எதையும் கூட்டாதீர்கள்.
கேமில் ஒரு புள்ளி தப்பினால் யாருக்கும் நஷ்டமில்லை. ப்ராஜெக்ட் கணக்கில் தப்பினால் விடை பிழையாகும். பிழை என்றே தெரியாது. நடுத்தர விலைக் கார்டுகளில் பொதுவாக நினைவகப் பிழையைத் திருத்தும் இசிசி பாதுகாப்பு கிடையாது. மாடல் பயிற்சி, சிமுலேஷன், ரெண்டர் எல்லாம் கம்பெனி அமைப்பிலேயே ஓடட்டும். அதேபோல் பயாஸை மாற்றி எழுதுவதும், வோல்டேஜ் எல்லையை உடைப்பதும் உங்களுக்கு வேண்டாம். வாரண்டியும் போகும், கார்டும் போகும்.

14. ஈபி பில்லையும் வீட்டாரையும் நினையுங்கள்.
250 வாட் இழுக்கும் கம்ப்யூட்டர் தினம் நாலு மணி நேரம் ஓடினால் ஒரு நாளைக்கு ஒரு யூனிட். இரண்டு மாதக் கணக்கில் 60 யூனிட். கோடையில் ஏசியும் ஓடும் வீட்டில் இந்த 60 சேர்ந்து 500-ஐத் தாண்டவைத்தால், 101 முதல் 200 வரையிலான யூனிட்டுக்கும் கூடுதல் விலை போடுவார்கள். பில் கட்டுவது அப்பாவோ அம்மாவோ. கேமில் பிரேம் எல்லையை மானிட்டரின் அளவுக்கே கட்டிவையுங்கள். 60 ஹெர்ட்ஸ் மானிட்டருக்கு 140 பிரேம் வரைந்து கொட்டுவது வீண் செலவு.

15. நோட்டைப் பகிருங்கள்.
எந்தக் கார்டு, எந்த சப்ளை, அறை எத்தனை டிகிரி, எந்த வோல்டேஜில் என்ன வேகம் நிலைத்தது என்று நீங்கள் எழுதியதை ஜூனியர் பிள்ளைகளுக்குக் காட்டுங்கள். வெளிநாட்டு விமர்சகர் கொடுக்கும் எண்ணைவிட, ஆரம்பாக்கத்திலோ பெரியபாளையத்திலோ ஒரு மாணவர் மே மாதத்தில் அளந்த எண் உங்கள் பக்கத்து வீட்டுப் பிள்ளைக்கு அதிகம் உதவும். அப்படிப் பத்து நோட்டுகள் சேர்ந்தால், இந்த ஊர் வெயிலுக்கும் தூசிக்கும் எந்தக் கார்டு தாங்கும் என்று கேட்பவருக்கு நீங்களே பதில் சொல்லலாம்.