ஆளுக்கொரு பாடு

பழவேற்காடு ஏரியில் எல்லாத் தண்ணீரும் ஒரே தண்ணீர் இல்லை. முகத்துவாரத்தை ஒட்டி இறால் ஏறும் இடங்கள் சில. அங்கே வலை வைக்க உரிமை உள்ளவர்கள் பலர். எல்லாரும் ஒரே நாளில் இறங்கினால் வலையோடு வலை சிக்கும், ஊரோடு ஊர் பகைக்கும். அதற்காகத்தான் ஏரிக்கரைக் குப்பங்களில் பாடு முறை இருக்கிறது. உரிமைக்காரர்கள் குழுக்களாகப் பிரிந்து, நல்ல இடங்களை முறை வைத்து மாற்றிக்கொள்வார்கள். இன்று ஒருவர் பாடு என்றால் மற்றவர் அந்த இடத்தில் வலை போடமாட்டார். அவருக்கான நாள் வரும் என்று அவருக்குத் தெரியும். ஆரம்பாக்கம் பக்கத்துக் குப்பத்திலிருந்து ஒரு புதுத் தம்பதி முதன்முதலாக ஒரு தெரியாத நகரத்துக்குப் போய்வர நினைத்தால், மதுரைக்கு என்றே வைத்துக்கொள்வோம், இதைவிட நல்ல திட்டமுறை எனக்குத் தெரியவில்லை. பாடு என்றால் முறை, பாடு என்றால் கிடைத்த மீன், பாடு என்றால் படும் அவதி. முதல் பயணத்தில் மூன்றுமே உண்டு. முதலாவதைச் சரியாக வைத்தால் மூன்றாவது குறையும் என்பதுதான் நான் சொல்ல வருவது.

வழக்கமாக நடப்பது வேறு. பயணம் என்றதும் முதலில் எழுதப்படுவது பார்க்கவேண்டிய இடங்களின் பட்டியல். மீனாட்சி அம்மன் கோயில், திருமலை நாயக்கர் மஹால், காந்தி அருங்காட்சியகம், வண்டியூர் தெப்பக்குளம், திருப்பரங்குன்றம், அழகர்கோவில், 2023-இல் திறந்த கீழடி அருங்காட்சியகம். ஏழும் பார்க்கத் தக்கவை என்பதில் சந்தேகமில்லை. ஆனால் திருப்பரங்குன்றம் நகருக்குத் தென்மேற்கே, அழகர்கோவில் வடக்கே 20 கிலோமீட்டருக்கு மேல், கீழடி தென்கிழக்கே சிவகங்கை மாவட்டத்தில். மூன்றும் மூன்று திசை. இரண்டு நாளில் ஏழையும் முடிக்கக் கிளம்பினால் அதிகமாகப் பார்ப்பது ஆட்டோவின் முதுகைத்தான். இதில் இன்னொரு கோளாறும் உண்டு. பட்டியலைப் பெரும்பாலும் ஒருவர்தான் எழுதுகிறார். மற்றவர் "உங்களுக்கு எது இஷ்டமோ அது" என்று சொல்லிவிட்டு, இரண்டாம் நாள் மதியம் முகத்தைத் தூக்கி வைத்துக்கொள்கிறார். மணமாகிச் சில மாதங்களே ஆனவர்களுக்கு ஒருவர் களைப்பை மற்றவர் முகத்தில் படிக்கத் தெரியாது. அது பழகிவரும் கலை.

பட்டியலுக்கு முன்னால் பார்க்கவேண்டியது கடிகாரம். ஆரம்பாக்கத்திலிருந்து மதுரைக்கான வழியில் கடினமான பகுதி சென்னையைக் கடப்பது. புறநகர் ரயில் வடக்கிலிருந்து வந்து சென்ட்ரலை ஒட்டிய மூர் மார்க்கெட் நிலையத்தில் இறக்கிவிடும். தெற்கே போகும் ரயில்கள் எழும்பூரில் நிற்கும். எதிரே பார்க் ஸ்டேஷனுக்குக் கடந்தால் அங்கிருந்து எழும்பூர் அடுத்த நிறுத்தம், மெட்ரோவிலும் அப்படியே. தெரிந்தவருக்கு இது கால் மணி நேர வேலை. இரண்டு பையோடு முதன்முறை வருபவர்கள் ஒரு மணி நேரம் ஒதுக்குவது நல்லது. எழும்பூர் நிலையத்தில் மராமத்து நடக்கும் காலங்களில் சில ரயில்களைத் தாம்பரத்திலிருந்து விடுகிறார்கள். டிக்கெட்டில் ஏறும் நிலையம் எது என்று இரண்டு முறை படிக்கவேண்டும். பேருந்து என்றால் தூரம் இன்னும் கூடும். நம் பக்கத்துப் பேருந்துகள் வந்து சேர்வது மாதவரம், நகரின் வடக்கு முனை. தென்மாவட்டப் பேருந்துகளின் முக்கிய முனையமோ 2023 டிசம்பர் கடைசியில் திறந்த கிளாம்பாக்கம், தெற்கே வண்டலூரையும் தாண்டி. மாதவரத்திலிருந்தே தெற்கே போகும் அரசுப் பேருந்துகளும் சில உண்டு என்பதால், முன்பதிவின்போது அதைக் கேட்பவருக்கு ஒரு நகரத்தைக் குறுக்கே வெட்டும் அலைச்சல் மிச்சம்.

ரயில் முன்பதிவு முன்பெல்லாம் 120 நாளுக்கு முன்னே திறந்தது. 2024 நவம்பர் முதல் அது 60 நாள். எந்த ரயில் என்பதை வேகம் பார்த்துத் தேர்ந்தெடுக்கக்கூடாது, போய்ச் சேரும் நேரம் பார்த்துத் தேர்ந்தெடுக்கவேண்டும். தேஜஸ் வேகமான வண்டிதான். ஆனால் காலை 6 மணி வாக்கில் எழும்பூரில் கிளம்பும் வண்டியை ஆரம்பாக்கத்திலிருந்து வந்து பிடிப்பது ஏறக்குறைய நடக்காத காரியம். பிடித்தாலும் மதுரையில் இறங்கும்போது கோயில் நடை சாத்தும் நேரம். வைகை பிற்பகலில் ஊர் பார்த்துக்கொண்டு போக நல்லது, இறங்க இரவு 9 மணிக்கு மேல் ஆகும். தெரியாத ஊரில் இரவில் அறை தேட நான் யாருக்கும் சொல்லமாட்டேன். இரவில் கிளம்பி விடியுமுன் சேரும் பாண்டியன்தான் முதல் பயணத்துக்கு ஏற்றது. ஒரு நாள் விடுதிக் காசும் மிச்சம்.

ஆனால் விடிகாலை 5.30 மணிக்கு இறங்குபவர்களுக்கு ஒரு பொறி காத்திருக்கிறது. பல ஹோட்டல்களில் அறை பகல் 12 மணிக்குத்தான் கிடைக்கும். ஆறரை மணி நேரம் பையோடு தெருவில் நிற்பதா, இல்லை முந்திய நாள் வாடகையையும் கட்டுவதா? ரயிலடியை ஒட்டிய மேலப்பெருமாள் மேஸ்திரி வீதி, டவுன்ஹால் ரோடு பக்கத்து லாட்ஜுகள் பலவற்றில் 24 மணி நேரக் கணக்கு உண்டு: எப்போது நுழைந்தீர்களோ மறுநாள் அதே நேரம் வரை உங்கள் அறை. போனில் கேட்கவேண்டிய முதல் கேள்வி வாடகை எவ்வளவு என்பது அன்று, எந்தக் கணக்கு என்பது. இரண்டாவது கேள்வி அடையாள அட்டை. இருவரின் ஆதாரும் அசலாகக் கையில் இருக்கவேண்டும். புதுமணப் பெண்ணின் அட்டையில் இன்னும் அப்பா வீட்டு முகவரிதான் இருக்கும் என்பதால் வரவேற்பு மேசையில் தேவையில்லாத பார்வையும் கேள்வியும் வரலாம். மணமாகாத ஆணும் பெண்ணும் ஓர் அறையில் தங்குவதைத் தடுக்கும் சட்டம் எதுவும் இல்லை என்று கோவை விடுதி ஒன்றின் வழக்கில் 2019-இல் சென்னை உயர் நீதிமன்றமே சொல்லியிருக்கிறது. மணமானவர்கள் கூச வேண்டியதில்லை. ஆனாலும் பயணத்தின் முதல் மணி நேரத்தை வாக்குவாதத்தில் செலவழிக்காமல் இருக்க, முன்பதிவை இருவர் பெயரிலும் செய்வது எளிய வழி.

இனி மதுரையின் சொந்தக் கடிகாரம். மீனாட்சி கோயில் விடிகாலையில் திறந்து பகல் 12.30 வாக்கில் நடை சாத்தும். மாலை 4 மணிக்குத் திறந்தால் இரவு வரை. ஆக அந்த ஊர் ஒரு நாளைத் தானே மூன்றாகப் பிரித்துத் தந்திருக்கிறது: காலை, நடுப்பகல், மாலை. நடுப்பகலை யாருக்கும் கொடுக்காமல் தூக்கத்துக்கு விட்டுவிட்டால், இரண்டு நாளில் கையில் இருப்பவை நான்கு பாடுகள். ஆளுக்கு இரண்டு. தன் பாட்டில் ஒருவர் இடம், சாப்பாடு, நடையா ஆட்டோவா என்பதெல்லாம் தீர்மானிப்பார். மற்றவர் கூடவே போவார், குறை சொல்லமாட்டார். கால் வலிக்கிறது, கழிப்பறை வேண்டும் என்ற இரண்டுக்கு மட்டும் எந்தப் பாட்டையும் நிறுத்தும் உரிமை உண்டு. பெண்களுக்குக் கழிப்பறைதான் பயணத் திட்டத்தின் பாதி என்பதை ஆண்கள் எழுதும் பட்டியல்கள் நினைப்பதே இல்லை. பணத்தையும் பாட்டுக்கு இவ்வளவு என்று பிரித்து உறையில் போட்டுவிடலாம். மிச்சம் பிடித்தால் அவர் கெட்டிக்காரத்தனம், சுங்குடிச் சேலையில் கரைந்தால் அவர் விருப்பம்.

இதற்குச் சொல்லப்படும் மறுப்புகளில் வலுவானது ஏரியிலிருந்தே வரக்கூடியது. பாடு உரிமை வழிவழியாக ஆண்களுக்குத்தான். மீன்கூடை சுமந்து விற்பவள் பெண், முறை வரும்போது அவள் பெயர் இல்லை. அப்படிப்பட்ட ஓர் ஏற்பாட்டைக் கணவன் மனைவிக்கு உதாரணம் காட்டலாமா? அந்தக் குறையை நான் மறைக்கவில்லை. உண்மையில் அதனால்தான் இதை எழுத்தில், நான்கு கட்டம் போட்டு, இரண்டில் அவள் பெயர் எழுதி வைக்கவேண்டும் என்கிறேன். "சேர்ந்து முடிவு செய்வோம்" என்பது கேட்க இனிமையானது. நம் வீடுகளில் அது பெரும்பாலும் அவர் முடிவு செய்து அவள் தலையாட்டுவதில் போய் முடிகிறது. அவள் பாடு என்று காகிதத்தில் இருந்தால் அவள் யோசித்தே ஆகவேண்டும். அவள் திருமலை நாயக்கர் மஹாலின் தூண்களை விட்டுவிட்டுப் பூ மார்க்கெட்டில் மல்லிகை ஏலம் பார்க்க வேண்டும் என்று சொன்னால் அதுதான் அந்தக் காலையின் மதுரை. ஒருவர் விருப்பம் என்ன என்பது மற்றவருக்கு முதன்முறையாகத் தெரியவரும் இடமும் அதுவாக இருக்கலாம்.

இவ்வளவு கணக்குப் போட்டால் பயணத்தில் சுவை ஏது, போகிற போக்கில் பார்த்துக்கொள்ளலாமே, கையில் போன் இருக்கிறதே என்பார்கள். போகிற போக்கு என்பது ஊர் தெரிந்தவர்களின் சொத்து. 2011 கிறிஸ்துமஸ் நாளில் பழவேற்காட்டுக்குச் சுற்றிப்பார்க்க வந்தவர்களின் படகு கவிழ்ந்து 20 பேருக்கு மேல் இறந்தார்கள். எந்த நேரத்தில் முகத்துவாரத்து நீர் எப்படி இருக்கும் என்று இங்கே ஒரு சிறுவனுக்குத் தெரிவது வெளியூரிலிருந்து வந்தவர்களுக்குத் தெரியாது. மதுரைக்குப் போகும்போது நாம்தான் அந்த வெளியூர்க்காரர்கள். போன் உதவும், ஆனால் மிகவும் தேவைப்படும் இடத்தில் உதவாது. 2018 பிப்ரவரித் தீ விபத்துக்குப் பிறகு மீனாட்சி கோயிலுக்குள் செல்போனுக்கு அனுமதி இல்லை. வாசலில் ஒப்படைத்துவிட்டுத்தான் போகவேண்டும். 14 ஏக்கருக்கு மேல் விரியும் கோயிலில், வரிசையில் ஆணும் பெண்ணும் பிரிந்துபோனால் கூப்பிட வழியில்லை. பிரிந்தால் பொற்றாமரைக் குளத்துப் படியில் சந்திப்பது என்று நுழையுமுன் பேசிவைக்கவேண்டும். எந்தக் கோபுர வாசலில் செருப்பையும் போனையும் விட்டோம் என்பதையும். புதிதாக வருபவருக்கு நான்கு பெரிய கோபுரங்களும் ஒன்றுபோலத்தான் தெரியும். குழம்பிவிட்டால் வெளித் தெருக்கள் கைகொடுக்கும். சித்திரை வீதி, ஆவணி மூல வீதி, மாசி வீதி என்று கோயிலைச் சதுரம் சதுரமாகச் சுற்றும் அமைப்பு அது. ஒரு வீதியையே பிடித்து நடந்தால் கிளம்பிய இடத்துக்கு வந்துவிடலாம்.

எல்லாம் பார்த்துக்கொள்ளும் சுற்றுலாப் பேருந்தில் போய்விட்டால் என்ன என்ற கேள்வியும் உண்டு. வயதான பெற்றோருக்கு நானே அதைச் சொல்வேன். புதுத் தம்பதிக்கு வேண்டாம். நாற்பது பேரின் அவசரத்தில் இருவரின் பாடு காணாமல் போகும். இரவு நடை சாத்துமுன் சொக்கநாதரின் பாதுகையைப் பல்லக்கில் வைத்து மீனாட்சியின் பள்ளியறைக்குக் கொண்டுபோவது அந்தக் கோயிலில் தினசரி நடப்பது. அதற்காக இரவு ஒன்பது மணி தாண்டியும் காத்து நிற்க எந்தப் பேருந்து ஓட்டுநரும் சம்மதிக்கமாட்டார்.

எப்போது போவது என்பதில் நம் பக்கத்துக்காரர்களுக்கு ஒரு சிக்கல் உண்டு. ஏப்ரல் 15 முதல் 61 நாள் மீன்பிடித் தடைக்காலம். கடல் தொழிலில் இருப்பவர்களுக்குக் கையில் நேரம் இருக்கும் மாதங்கள் அவைதான். மதுரையில் வெயில் கொளுத்துவதும், பெரும்பாலான ஆண்டுகளில் சித்திரைத் திருவிழா வருவதும் அப்போதுதான். அழகர் ஆற்றில் இறங்குவதைப் பார்க்க லட்சக்கணக்கில் கூட்டம் வரும். 2022-இல் அந்த நெரிசலில் இருவர் இறந்தார்கள். திருவிழாவை முதல் பயணத்தில் பார்க்க ஆசைப்படுவது இயல்பு, ஆனால் அது ஊர் தெரிந்தபின் இரண்டாம் முறை போகவேண்டிய நாள். தடைக்காலத்தில்தான் முடியும் என்றால் திருவிழா முடிந்த பிறகு, ஜூன் தொடக்கத்தில் போகலாம். பொங்கல் கழித்து மார்ச்சுக்குள் நான்கு நாள் தொழிலை விட முடிந்தவர்களுக்கு அது இன்னும் நல்லது. எப்போது போனாலும் திட்டம் மாறக்கூடும். ராக்கெட் ஏவும் நாளில் கடலுக்குப் போகாதே என்று அறிவிப்பு வந்தால் அன்றைய திட்டத்தை மாற்றிக்கொள்ளும் பழக்கம் ஸ்ரீஹரிகோட்டாவுக்குப் பக்கத்தில் இருப்பவர்களுக்குப் புதிதில்லை. ஒரு பாடு கெட்டால் அதற்காக மற்றதைக் கெடுத்துக்கொள்ளாமல் இருக்கவும் அதே பழக்கம் போதும்.

சாப்பாட்டில் ஒரே ஒரு யோசனை. மடவையும் இறாலும் நண்டும் நமக்குத் தினசரி. மதுரையில் அவற்றைத் தேடி ஏமாறாமல், சுண்டுவிரல் அளவுகூட இல்லாத அயிரை மீன் குழம்பைக் கேட்டுப் பார்க்கலாம். நன்னீர் மீன் என்று மூக்கைச் சுளிப்பவர் இருந்தால் அது அடுத்தவர் பாட்டில் இருக்கட்டும்.

திரும்பும் இரவு ரயில் விடிகாலையில் எழும்பூரில் விடும். தூக்கக் கலக்கத்தில் மூர் மார்க்கெட்டுக்கு வந்து, வடக்கே போகும் முதல் வண்டியில் ஏறிவிடத் தோன்றும். அந்த வண்டிகளில் பல கும்மிடிப்பூண்டியோடு நின்றுவிடுபவை. சூலூர்ப்பேட்டை வண்டியா என்று பலகையைப் பார்த்து ஏறவேண்டும்; இல்லாவிட்டால் எளாவூரும் ஆரம்பாக்கமும் இன்னும் இரண்டே நிலையம் இருக்க, பைகளோடு கும்மிடிப்பூண்டி நடைமேடையில் உட்கார்ந்திருக்க நேரும்.